மூட மறுத்த முற்றம்

கார் கூரையில் ஆசையாக ஜன்னல் வைத்துக்கொண்டோம். அடைமழையில் அது மூடமாட்டேன் என்று அடம்பிடித்தால்? ஒரு வேப்பங்கொட்டையில் தொடங்கும் கதை.

கோவளத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்திருப்போம். காருக்குள் உட்கார்ந்தபடியே குடை விரித்தார் என் மாமியார்.

ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மாமல்லபுரம் போய்விட்டுச் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கடல்காற்று வேண்டும் என்று மகள் கேட்டதால் சன்ரூஃபைத் திறந்துவைத்திருந்தேன். முட்டுக்காட்டுக்கு மேலே வானம் கறுத்து நின்றது. முதல் சொட்டு மூக்குக்கண்ணாடியில் விழுந்ததும் பொத்தானை அழுத்தினேன். மேலே கண்ணாடி நகர்ந்தது. முக்கால் தூரம் வந்தது. நின்றது. வீட்டில் எதையோ மறந்துவிட்டு வந்த ஆள்போல வந்த வழியே திரும்பிப் போனது.

மறுபடி அழுத்தினேன். மறுபடி முக்கால் தூரம், மறுபடி திரும்பல். மூன்றாவது முறை அழுத்துவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மாமியார் கைப்பையிலிருந்து மடக்குக் குடையை எடுத்து அந்த ஓட்டைக்குக் கீழே விரித்தார். பக்கத்தில் பைக்கில் நனைந்துகொண்டே போன இரண்டு பையன்கள் எங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஒருவழியாக ஒரு பெட்ரோல் பங்கின் கூரைக்கடியில் போய் ஒதுங்கினோம். குடையை உதறி மடக்கிக்கொண்டே மாமியார் கேட்டார்: "மாப்பிள்ளை, இதுக்கு ஜலதாரை எங்க இருக்கு?"

எல்லோரும் சிரித்தோம், அவரைத் தவிர. கும்பகோணம் பக்கத்தில் முற்றம் வைத்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர் அவர். முற்றத்து மழைநீர் வெளியேறும் வழியைத்தான் அங்கே ஜலதாரை என்பார்கள். அந்தக் கேள்வியின் அருமை எனக்குப் புரியப் பத்து நாள் ஆனது.

வெயில் தேடியவர்களின் ஜன்னல்

சன்ரூஃப், வெயிலுக்கு ஏங்கியவர்கள் கண்டுபிடித்த சாமான். ஜெர்மனியில் 1901-இல் தொடங்கப்பட்ட வெபாஸ்டோ நிறுவனம் 1930-களிலேயே கார்களுக்கு மடக்குக் கூரை செய்தது. அமெரிக்காவில் நாஷ் நிறுவனம் 1937-இல் தன் கார்களில் சன்ரூஃப் கொடுத்தது. ஜெர்மனியிலிருந்து அங்கே குடியேறிய ஹெய்ன்ஸ் பிரெக்டர் 1965-இல் 'அமெரிக்கன் சன்ரூஃப் கம்பெனி'யைத் தொடங்கிய பிறகுதான் அங்கே அது பரவலானது. வருடத்தில் பாதி நாள் சாம்பல் வானத்தைப் பார்க்கிறவர்களுக்குத் தலைக்கு மேலே ஒரு கீற்று வெளிச்சம் வரம்.

நமக்கு? கத்திரி வெயிலில் நிழலுக்கு மரம் தேடுகிற ஊர் இது. காரின் கூரைக்கு மேலே ஒருவர் நிற்பதை நாம் பார்த்ததெல்லாம் தேர்தல் பிரசார வேனில்தான். ஆனாலும் சன்ரூஃப் மோகம் நம்மையும் பிடித்துக்கொண்டது. 2019-இல் வந்த எம்.ஜி. ஹெக்டர், கூரை முழுக்கக் கண்ணாடியாக 'பனோரமிக்' சன்ரூஃபோடு வந்தது. 2022-இல் பிரெஸ்ஸா மூலம் மாருதியும் மின்சார சன்ரூஃபுக்கு வந்து சேர்ந்தது. 2023-இல் ஹூண்டாய் எக்ஸ்டர், வாயால் சொன்னாலே திறக்கிற சன்ரூஃபைச் சிறிய காருக்கே கொண்டுவந்துவிட்டது. இப்போது சென்னைக்குப் பக்கத்திலேயே சன்ரூஃப் தயாரிக்கும் தொழிற்சாலை இருக்கிறது.

வாங்குகிற அன்று எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எப்படித் திறக்கும்?" எப்படி மூடும் என்று யாரும் கேட்பதில்லை. மூடாவிட்டால் என்ன செய்வது என்று ஷோரூமில் யாரும் சொல்வதும் இல்லை.

"என்ன சத்தம் வருது சார்?"

பங்கில் நின்றபடியே, புதுப்பேட்டைப் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பாய்க்கு போன் போட்டேன். பல வருடமாக என் வண்டிகளைப் பார்ப்பவர். நான் பதற்றத்தில் கதை முழுவதும் சொல்லி முடித்தேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பட்டனை அமுக்கினா என்ன சத்தம் வருது சார்?"

சன்ரூஃப் வைத்தியத்தில் முதல் கருவி காதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மூன்று வகைச் சத்தம் உண்டு. மூன்றுக்கும் மூன்று வியாதி.

முதல் வகை, சத்தமே வராதது. அப்படியென்றால் கோளாறு மின்சாரத்தில். ஃபியூஸ் போயிருக்கலாம், பொத்தானுக்குள் ஈரம் இறங்கியிருக்கலாம், பேட்டரி சோர்ந்திருக்கலாம், மோட்டாரே எரிந்திருக்கலாம். எஞ்சினை ஓடவிட்டு ஒருமுறை முயன்று பார்க்க வேண்டும். பிறகு காரோடு வந்த புத்தகத்தில் சன்ரூஃபுக்கு எந்த ஃபியூஸ் என்று பார்த்து, அதைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். உள்ளே கம்பி அறுந்திருந்தால் அதே ஆம்பியரில் வேறொன்று போடலாம். புதிது போட்டதும் அதுவும் போனால் எங்கேயோ ஷார்ட் இருக்கிறது; அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். ஃபியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றிவிடும் பழைய வித்தை இங்கே வேண்டவே வேண்டாம். அது காரைக் கொளுத்துகிற வேலை.

இரண்டாவது வகை எங்களுடையது. மோட்டார் ஓடுகிறது, கண்ணாடி வருகிறது, ஓரிடத்தில் லேசாக முனகிவிட்டுத் திரும்பிப் போகிறது.

மூன்றாவது வகை, மோட்டார் 'விர்ர்' என்று ஓடுகிறது, கண்ணாடி அசையவே இல்லை. அல்லது 'கடகட' என்று பல் உதிர்கிற சத்தத்தோடு ஒரு பக்கம் மட்டும் நகர்ந்து கோணலாக நிற்கிறது. செலவு வைக்கப்போவது இதுதான்.

விரலா, விதையா?

இரண்டாவது வகையைப் பாய் போனிலேயே விளக்கினார். "மோட்டார் நல்லாத்தான் சார் இருக்கு. பயந்துக்கிட்டுத் திரும்புது. வழியில ஏதோ கிடக்கு. பட்டனைத் தொடாதீங்க. டார்ச் அடிச்சு ரெண்டு பக்கமும் சேனலைப் பாருங்க."

பயந்துகொண்டு என்று அவர் சொன்னது வெறும் வார்த்தை அழகுக்காக அல்ல. குழந்தையின் விரலோ கழுத்தோ மூடும் கண்ணாடியில் சிக்கிவிடக்கூடாது என்பதற்காக உள்ளே ஒரு காவல் வைத்திருக்கிறார்கள். மோட்டார் சுற்றும் வேகத்தை ஒரு சென்சார் எண்ணிக்கொண்டே இருக்கும். வேகம் திடீரெனக் குறைந்தால் 'ஏதோ சிக்கிவிட்டது' என்று எடுத்துக்கொண்டு மோட்டாரை எதிர்ப்பக்கம் ஓடவிடும். தானாக மூடும் கண்ணாடிகள் சிக்கிய பொருளை நெருக்கும் விசை 100 நியூட்டனைத் தாண்டக்கூடாது என்பது ஐ.நா. வாகன விதிமுறை 21 போட்டிருக்கும் எல்லை. ஏறக்குறைய பத்து கிலோ எடை அழுத்துகிற அளவு. அதற்குள் கண்ணாடி பின்வாங்கிவிட வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் காவலுக்குக் கண் கிடையாது. விரலும் ஒன்றுதான், விதையும் ஒன்றுதான், காய்ந்து இறுகிப்போன கிரீஸும் ஒன்றுதான். எது தடுத்தாலும் திரும்பும்.

மகள் டார்ச் பிடிக்க, நான் சீட்டில் முட்டி போட்டு ஏறிப் பார்த்தேன். கண்ணாடி ஓடும் வலதுபக்கச் சேனலில் கறுத்த கிரீஸுக்கு நடுவே சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒன்று. நெருங்கிப் பார்த்தால் வேப்பங்கொட்டை! எங்கள் வீட்டுக் கார் நிற்பது வேப்பமரத்து நிழலில். ஆடியில் பழம் உதிர்ந்திருக்கும். சதை காய்ந்து, கொட்டை கிரீஸில் பதிந்து, ஐப்பசி வரை எனக்காகக் காத்திருந்திருக்கிறது. பல லட்ச ரூபாய் காரை நடுரோட்டில் மடக்கிய வில்லனை மனைவியின் ஹேர்பின்னால் நெம்பி எடுத்தேன். டிஷ்யூ தாளால் இரண்டு சேனலையும் துடைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். கண்ணாடி முனகாமல் வந்து 'டப்' என்று உட்கார்ந்தது.

அன்றைக்குப் பாய் தடுத்திராவிட்டால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியும். பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்திருப்பேன். சில கார்களில் அப்படிப் பிடித்தால் காவலை மீறி, முழு பலத்தோடு கண்ணாடியை இழுக்கும். வேப்பங்கொட்டை உடைகிறதோ இல்லையோ, கண்ணாடியைச் சேனலில் தாங்கும் பிளாஸ்டிக் துண்டு உடைந்திருக்கும்.

மறதி நோய்

சேனல் சுத்தமாக இருந்தும் கண்ணாடி திரும்பிப் போனால்? அல்லது விட்டு விட்டு, அங்குலம் அங்குலமாக நகர்ந்தால்? அண்மையில் பேட்டரி கழற்றி மாட்டினீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

கண்ணாடி எங்கே நிற்கிறது என்பதை மோட்டார் சுற்றின் எண்ணிக்கையை வைத்துத்தான் கட்டுப்பாட்டுப் பெட்டி நினைவில் வைத்துக்கொள்கிறது. மின்சாரம் அறுந்தால் சில கார்களில் அந்தக் கணக்கு மறந்துபோகும். எது முழுதாக மூடிய நிலை என்றே அதற்குத் தெரியாது. மறுபடி பாலபாடம் நடத்த வேண்டும். பல கார்களில் இதற்குப் பொத்தானை மூடும் பக்கமாகவோ, பின்பக்கம் தூக்கும் பக்கமாகவோ பத்து விநாடிக்கு மேல் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். கண்ணாடி லேசாக அசைந்து அடங்கும். சிலவற்றில் முழுதாக ஒருமுறை திறந்து மூடும். அதன் பிறகுதான் கையை எடுக்கலாம். விநாடிக் கணக்கும் பொத்தானின் பக்கமும் காருக்குக் கார் மாறும் என்பதால், பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன முறையை விடக் கார்ப் புத்தகத்தில் போட்டிருக்கும் முறையே நல்லது. சேனலில் குப்பை இருக்கும்போது மட்டும் இதைச் செய்யக்கூடாது. குப்பை கிடக்கும் இடம்தான் எல்லை என்று தப்பாகக் கற்றுக்கொண்டுவிடும்.

கூரைக்குள் ஒரு தேர் வடம்

மூன்றாவது வகைக் கோளாறைப் புரிந்துகொள்ளக் கூரைக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். கண்ணாடியின் இரு பக்கத்திலும் இரண்டு எஃகுக் கேபிள்கள். மேலே திருகாணி மரைபோலக் கம்பி சுற்றியிருக்கும். நடுவில் மோட்டாரின் பல்சக்கரம். அது சுற்றும்போது இரண்டு கேபிளையும் ஒரே அளவு நகர்த்தும். தேர் வடத்தை இரண்டு பக்கமும் ஒரே சீராக இழுத்தால்தான் தேர் நேராகப் போகும். ஒரு பக்கம் கேபிள் அறுந்தாலோ, பிளாஸ்டிக் தாங்கி உடைந்தாலோ, கண்ணாடி கோணிக்கொண்டு நிற்கும்.

இந்த நிலையில் பொத்தானை அழுத்த அழுத்தச் சேதம் கூடும். சரிசெய்யக் கூரையின் உட்புறத் துணியை முழுதாக இறக்கியாக வேண்டும். ஓரங்களில் திரைபோல விரியும் ஏர்பேக் இருக்கும் கார் என்றால் இது வீட்டில் ஸ்குரூடிரைவரோடு இறங்குகிற வேலையே இல்லை. விவரம் தெரிந்த கைதான் தொட வேண்டும்.

இங்கே வயிற்றெரிச்சல் ஒன்றும் உண்டு. உடைந்தது கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் துண்டாகவே இருக்கும். ஆனால் பல கார்களுக்கு அது மட்டும் தனியாகக் கிடைக்காது. சட்டம், கேபிள், சேனல் எல்லாம் சேர்ந்த முழு 'அசெம்ப்ளி'யாகத்தான் வரும். வாரன்டி இருந்தால் முதலில் அங்கேதான் போக வேண்டும். இன்ஷூரன்ஸை நம்பியிருந்தால் ஏமாற்றம் காத்திருக்கும். வழக்கமான மோட்டார் பாலிசி இயந்திரக் கோளாறுக்கும் மின்கோளாறுக்கும் பணம் தராது. கழற்றிய காரிலிருந்து நல்ல நிலையில் இருக்கும் அசெம்ப்ளி புதுப்பேட்டையில் அகப்பட்டால் அது அவரவர் அதிர்ஷ்டம். அப்போதும் அதே மாடல், அதே வருடம்தானா என்று பார்த்து வாங்க வேண்டும்.

நடுவழியில் மாட்டிக்கொண்டால்

சத்தம் கேட்டு வியாதி தெரிந்துவிட்டது, மெக்கானிக் நாளைக்குத்தான் வருவார், மழையோ இப்போதே பெய்கிறது. என்ன செய்யலாம்?

* மேடான, கூரையுள்ள இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். முதலில் கூரை விளக்குப் பகுதியில் வழியும் தண்ணீரைத் துடையுங்கள். பொத்தான்கள் அங்கேதான் இருக்கின்றன.

* பல கார்களில் கையால் மூடவும் வழி வைத்திருக்கிறார்கள். கூரை விளக்கின் மூடியைக் கழற்றினால் மோட்டாரின் அடியில் அறுகோணத் துளை தெரியும். அதில் பொருந்தும் ஆலன் கீயைப் போட்டு மெதுவாகத் திருகினால் கண்ணாடி நகரும். பழைய கார்கள் சிலவற்றில் இதற்கென்றே ஒரு சாவி டூல்ஸ் பையில் இருக்கும். உங்கள் காரில் இந்த வசதி இருக்கிறதா என்று மழைக்கு முன்பே பார்த்துவைத்துவிடுங்கள். கை வலிக்கிற அளவுக்கு இறுகினால் நிறுத்திவிடுங்கள்.

* அதுவும் முடியாவிட்டால் தடித்த பாலித்தீன் ஷீட். கூரையின் குறுக்கே விரித்து, இரண்டு ஓரத்தையும் உள்ளே விட்டுக் கதவுகளை மூடினால் கதவே பிடித்துக்கொள்ளும். துணியோ பெட்ஷீட்டோ போடாதீர்கள். அது மழையை உறிஞ்சி உள்ளே சொட்டவிடும். ஷீட்டோடு ஹைவேயில் வேகம் பிடிக்காதீர்கள்.

* கண்ணாடியைக் கையால் பிடித்து இழுக்க நான்கு பேர் உதவிக்கு வருவார்கள். நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

ஜலதாரை

வேப்பங்கொட்டையை எடுத்ததோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். பத்து நாள் கழித்துக் கார்க் கதவைத் திறந்ததும் குப்பென்று ஈர வாடை. முன்சீட்டுக்கு முன்னால் மிதியடிக்குக் கீழே கார்பெட் சொதசொதவென்று இருந்தது. சன்ரூஃப் இறுக மூடித்தான் இருந்தது. கூரையில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. பின்னே தண்ணீர் எந்த வழியாக வந்தது?

வண்டியைப் பாயிடம் கொண்டுபோனேன். அவர் சன்ரூஃபைத் திறந்து, சட்டத்தின் மூலையைக் காட்டினார். பென்சில் நுழைகிற அளவுக்கு ஒரு துளை. அதை அடைத்துக்கொண்டு மக்கிப்போன வேப்பிலைச் சருகு.

"ரப்பர் தண்ணியை நிறுத்தும்னு எல்லாரும் நினைக்கிறாங்க சார். ரப்பர் பாதியைத்தான் நிறுத்தும். மீதி உள்ள வரத்தான் செய்யும். வந்த தண்ணி இந்த வழியாப் போயிடணும். அதான் டிசைனே."

எனக்குச் சுரீரென்றது. மாமியார் பங்கில் கேட்டது இதைத்தான்.

சன்ரூஃப் கண்ணாடியைச் சுற்றி ஒரு வாய்க்கால் ஓடுகிறது. பெரும்பாலான கார்களில் அதன் நான்கு மூலையிலும் நான்கு குழாய்கள். முன்பக்கக் குழாய்கள் விண்ட்ஷீல்டை ஒட்டிய தூண்களுக்குள் இறங்கி முன்கதவுப் பக்கம் தண்ணீரைக் கொட்டும். பின்பக்கக் குழாய்கள் பின்தூண்கள் வழியே இறங்கிப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் கொட்டும். முற்றத்தில் விழுகிற மழையை யாரும் தடுப்பதில்லை; ஜலதாரை திறந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். அதே கணக்கு. ஜலதாரை அடைத்தால் வீட்டில் தாழ்வாரம் நனையும். காரில் கார்பெட் நனையும். கார்பெட்டுக்கு அடியில் ஓடும் ஒயர்களும் கனெக்டர்களும் நனைந்தால் அடுத்தடுத்து என்னென்ன விளக்கு எரியும், எது எரியாது என்று சொல்லவே முடியாது.

பாய் ஆணியில் தொங்கிய தடித்த தங்கூஸ் நரம்புச் சுருளை எடுத்தார். நுனியை லைட்டரில் காட்டி மழுக்கிக்கொண்டு, துளைக்குள் மெல்ல மெல்லச் செலுத்தினார். "கம்பி விட்டா குழாய் ஓட்டையாகும். கம்ப்ரஸர்ல காத்து அடிச்சா நடுவுல ஜாயின்ட் கழண்டு, தூணுக்குள்ளயே தண்ணி ஊத்தும். அப்புறம் கூரையையே பிரிக்கணும்." நரம்பு இரண்டுமுறை உள்ளே போய் வந்ததும், முன்கதவின் கீல் பக்கத்திலிருந்து டீ நிறத்தில் தண்ணீர் ஒழுகியது. பின்னாலேயே சருகுத் துணுக்குகள்.

பிறகு இரண்டு சேனலையும் துணியால் வழித்து, பழைய கிரீஸை எடுத்துவிட்டுச் சிலிக்கான் கிரீஸை விரல்நுனி அளவுக்குத் தடவினார். நான் அதற்குமுன் ஒருமுறை தேங்காய் எண்ணெய் விட்டிருந்ததை மறைத்துப் பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டார். எண்ணெய் தூசியைச் சேர்க்கும். துரு நீக்கும் ஸ்பிரே இருக்கிற கிரீஸையும் கழுவிவிடும். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். சேனலுக்கும் ரப்பருக்கும் சிலிக்கான்தான், அதுவும் கொஞ்சமாக.

கிளம்பும்போது ஒன்று சொன்னார்: "வாரத்துக்கு ஒரு தடவை சும்மாவாவது திறந்து மூடுங்க சார். திறக்காத கதவுதான் சீக்கிரம் பிடிச்சுக்கும்." வெயிலுக்குப் பயந்து வருடம் முழுக்க மூடியே வைத்திருந்து, ஊட்டி மலையேறும்போதோ கல்யாண வீட்டு போட்டோவுக்கோ ஒரு நாள் திறக்கிறோம். காய்ந்த கிரீஸும் ஒட்டிப்போன ரப்பரும் அன்றைக்கே நம்மைப் பழிவாங்குகின்றன.

ஒரு சொம்புத் தண்ணீர்

ஓட்டு வீடுகளில் மழைக்கு முன்னால் கூரையில் ஏறி ஓடு மாற்றுவார்கள். முற்றத்து ஜலதாரையில் குச்சி விட்டுக் குத்திவிடுவார்கள். யாரும் சொல்லி நடக்கிற வேலையில்லை அது. புரட்டாசி பிறந்தாலே கை பரபரக்கும். மாடி வீட்டுக்கு வந்தபிறகு அந்தப் பழக்கம் நமக்கு விட்டுப்போயிற்று. இப்போது கார்க் கூரையில் முற்றம் திரும்பி வந்திருக்கிறது, பழக்கம்தான் இன்னும் வரவில்லை.

எங்கள் வீட்டில் மட்டும் வந்துவிட்டது. இந்த வருடம் புரட்டாசி முதல் ஞாயிறன்று மாமியாரே நினைவுபடுத்தினார். சன்ரூஃபைத் திறந்து சேனலைத் துடைத்தோம். ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்து, பின்மூலைத் துளையில் மெதுவாக ஊற்றினேன். மாமியார் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து நின்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. நான் மேலேயிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"வருது மாப்பிள்ளை, வருது," என்றார் கீழேயிருந்து. "இந்தப் பக்கம் சரி. அடுத்ததுல ஊத்துங்க."